கொல்லைப்புறத்தில் கடப்பா கல் பாவும்போது கல் இடுக்குகளைச் சிமெண்டால் அடைப்பதா, ஜல்லித் தூளால் நிரப்புவதா?

கேள்வி: கரிசல்வாசி (கோவில்பட்டி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் கொல்லைப்புறத்தில், சமையலறைக் கதவை ஒட்டியவாறு, 20 அடி நீளமும் 14 அடி அகலமும் உள்ள இடத்தில் கல் பாவி, மாலையில் நாற்காலி போட்டு உட்காரும்படியாக ஒரு தளம் அமைக்க எண்ணியிருக்கிறோம். பாலிஷ் செய்யாத கடப்பா கல்லை, ஒன்றரை அங்குலத்திலிருந்து 2 அங்குலம் வரை கனமுள்ளதாகப் பார்த்து வைத்திருக்கிறேன். கல்லின் ஓரங்கள் கையால் கொத்தப்பட்டவை; ஒன்றோடொன்று நெருங்கி உட்காரா. ஆகவே கல்லுக்குக் கல் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை இடைவெளி விழும்.

எங்கள் மேஸ்திரியோ, மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே 2 அங்குலம் மணல் பரப்பிக் கல்லை வைத்துவிட்டு, இடுக்குகளை மட்டும் சிமெண்ட் கலவையால் பாயிண்டிங் செய்துவிடலாம் என்கிறார். மழைநீர் வழிந்து சாக்கடைக்குப் போகாமல் அங்கேயே இறங்கவேண்டும் என்பதால், இடுக்குகளைத் திறந்த நிலையில் வைத்து மணலால் நிரப்பலாமா என்று எனக்கு ஒரு யோசனை. கோயில் பிரகாரங்களில் சிமெண்ட் இல்லாமலேயே கற்கள் நூற்றாண்டுக் கணக்கில் அசையாமல் கிடக்கின்றனவே என்றும் தோன்றுகிறது. எங்கள் மண் சுத்தமான கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: கல்வேலை

நண்பரே, தாங்கள் இடுக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் இடுக்கில் எதை நிரப்புவது என்பதைக் கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் முடிவு செய்யும். அடித்தளம் அசையக்கூடியதென்றால் இடுக்கும் அசைவைத் தாங்கக்கூடிய பொருளால் நிரம்பியிருக்க வேண்டும். அடித்தளம் கான்கிரீட் என்றால் மட்டுமே இடுக்கைச் சிமெண்டால் அடைப்பதற்குப் பொருள் உண்டு. மேஸ்திரி சொல்வது இவ்விரண்டிலும் சேராத கலப்பு முறை. மணல் மேல் கிடக்கும் கல், ஆள் மிதிக்கும்போது மயிரிழை அளவேனும் அசையும். சிமெண்ட் பாயிண்டிங்குக்கு அந்த அசைவு ஆகாது. முதலில் கல்லின் ஓரத்தை ஒட்டி மெல்லிய கோடாக விடும். அந்தக் கோட்டின் வழியே தண்ணீர் இறங்கி மணலை அரிக்கும். அதன் பிறகு பாயிண்டிங் துண்டு துண்டாகப் பெயர்ந்து கையோடு வரும். ஒரு மழைக்காலத்திலேயே இதைப் பார்த்துவிடலாம். செலவு குறைவு என்பதால் இந்த முறை ஊரெங்கும் நடக்கிறது என்பதைத் தவிர இதற்குச் சிறப்பு எதுவும் இல்லை.

பிரகாரத்தை உதாரணமாகக் காட்டியிருக்கிறீர்கள். அங்கே கிடப்பவை கனமான கருங்கல் பலகைகள். அவற்றைத் தன் எடையே பிடித்து வைத்திருக்கிறது. 2 அங்குலக் கடப்பா கல் சதுர அடிக்கு ஏறத்தாழ 12 கிலோதான் வரும். அந்த எடையை மட்டும் நம்ப முடியாது; அடித்தளத்தையும், கற்கள் வெளியே நகராமல் பிடிக்கும் ஓரக்கட்டையையும் நம்பித்தான் ஆகவேண்டும்.

சிமெண்ட் இல்லாமல் பாவுவதென்றால் வேலையை இந்த முறையில் செய்யச் சொல்லுங்கள். மேல்மண்ணை எடுத்த பிறகு, வெட்டிய குழியின் அடிமட்டத்துக்கே வீட்டிலிருந்து வெளிப்புறமாக வாட்டம் கொடுக்க வேண்டும். மேலே மட்டும் வாட்டம் விட்டு, அடியில் கிண்ணம்போல் விட்டுவிட்டால், இடுக்கு வழியாக இறங்கும் தண்ணீர் வீட்டின் அடியில் போய்த் தேங்கும். வாட்டம் 60-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், தங்கள் 14 அடி அகலத்துக்கு ஏறக்குறைய 3 அங்குலம் இறக்கம் வரும். வழவழப்பான டைல்ஸுக்கு இதைவிடக் குறைவாகவே போதும். கடப்பா கல்லின் இயற்கை முகம் மேடுபள்ளமானது என்பதால் சற்று கூடுதலாகக் கொடுப்பதே நல்லது. கயிறு கட்டி, டியூப் லெவல் வைத்து, நான்கு மூலையிலும் முளையடித்துக் குறித்துவிட்டால் பிறகு வாக்குவாதம் இருக்காது.

அதன்மேல் பெரிய ஜல்லி முதல் தூள் வரை எல்லா அளவும் கலந்த, சாலை வேலைக்குப் பயன்படும் வெட் மிக்ஸை 6 அங்குலம் இறுகிய கனத்துக்குப் போடுங்கள். 280 சதுர அடிக்கு இறுகிய பின் 140 கன அடி. உதிரியாக வாங்கும்போது ஒன்றே முக்கால் யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி) தேவைப்படும். இதை ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் இறுக்குவது பயன் தராது. மூன்று அங்குலத்துக்கு ஒரு முறை ஈரம் காட்டி, பிளேட் காம்பாக்டர் எனும் அதிர்ந்து இறுக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஓட்ட வேண்டும். குதிகாலால் அழுத்தினால் தடம் விழக்கூடாது.

கல் உட்காரும் படுகையாக ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட் (கல்லை அரைத்துச் செய்யும் மணல்) அல்லது கால் அங்குலத்துக்கு உட்பட்ட சிப்ஸ் எனும் பொடி ஜல்லி பரப்பலாம். அடித்தளத்தில் உள்ள பள்ளத்தை இந்தப் படுகையைக் கொண்டு நிரப்ப முயல வேண்டாம். படுகை கனமாக இருக்கும் இடத்தில்தான் கல் பின்னால் இறங்கும். கடப்பா கல் எல்லாம் ஒரே கனத்தில் வராது என்பதால், ஒவ்வொரு கல்லுக்கும் தனித்தனியே கரணையால் கூட்டிக் குறைத்து, வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி, பிறகு கல்லின் நான்கு மூலையிலும் ஏறி நின்று பார்க்க வேண்டும். எந்த மூலையில் ஆடுகிறதோ அந்த மூலையில் கலவையைத் திணித்து ஒப்பேற்றுவது கொத்தனார்களின் பழக்கம். அதை அனுமதிக்காதீர்கள், கல்லைத் தூக்கிவிட்டுப் படுகையைச் சரிசெய்து மறுபடி வைக்கச் சொல்லுங்கள். பெரிய கற்களைத் தளத்தின் ஓரங்களுக்கு ஒதுக்குங்கள். ஓரத்தில் வைத்த சிறு துண்டுகள்தான் முதலில் கழன்று வருகின்றன. நான்கு கற்களின் மூலை ஓரிடத்தில் சந்திக்காமலும், இடுக்கு ஒரே நேர்கோடாக நீண்டு ஓடாமலும் பார்த்துக்கொள்வது அழகுக்கு மட்டுமல்லாமல் பிடிப்புக்கும் வேண்டியது.

ஓரக்கட்டையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெளிப்புற மூன்று பக்கங்களிலும் கல்லின் பாதி உயரம் வரைக்கும் கான்கிரீட்டைச் சரிவாக அணைத்து, அதன்மேல் மண்ணை மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. அந்த அணைப்பு இல்லாவிட்டால் கற்கள் மெல்ல வெளியே நகர்ந்து, இடுக்கில் எதைப் போட்டாலும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

இனி இடுக்கு. ஆற்று மணலும் மணலாக அரைத்த எம்-சாண்டும் வேண்டாம். ஆற்று மணல் உருண்டை மணி என்பதால் ஒன்றையொன்று பிடிக்காமல் மழையில் கழுவிக்கொண்டு போகும், எம்-சாண்டில் நுண்தூள் கூடுதலாக இருந்தால் அது சேறாகும். அரை அங்குலத்துக்கு மேற்பட்ட இடுக்குக்கு, அடியில் கால் அங்குலச் சிப்ஸைப் போட்டுக் கம்பியால் குத்தி இறக்கி, மேல் ஓர் அங்குலத்துக்குக் கிரஷர் தூளை, அதாவது ஜல்லித் தூளைக் கூட்டித் தள்ளுவதே நான் பரிந்துரைப்பது. உடைந்த கல்லின் கூர்மணிகள் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ளும். துடைப்பத்தை இடுக்குக்குக் குறுக்காக ஓட்ட வேண்டும். இடுக்கின் நீளவாக்கில் ஓட்டினால் போட்டதையே வாரி எடுத்துவிடும். பூவாளியால் தண்ணீர் தெளித்து, இறங்கிய இடத்தில் மறுபடி நிரப்பி, முதல் பெருமழைக்குப் பிறகு இன்னொரு முறை நிரப்புங்கள். கல்லின் மட்டத்திலிருந்து ஒரு நூல் இரண்டு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) தாழ்வாக நிற்கட்டும். 280 சதுர அடிக்கு மொத்தமாக 6 கன அடிக்குச் சற்று கூடவோ குறையவோதான் பிடிக்கும். ஆகவே இதில் சிக்கனம் பார்ப்பதற்கு எதுவும் இல்லை.

பதில்: கட்டுமானப் பொறியாளர் (திருநெல்வேலி)

மேலே நண்பர் சொன்ன வேலைமுறை செம்மண் நிலத்துக்கு முழுக்கப் பொருந்தும். ஆனால் கேள்வி கேட்டவர் கடைசி வரியில் சொன்ன கரிசல் மண்ணை அது கண்டுகொள்ளவில்லை. கரிசல், தண்ணீர் குடித்தால் வீங்கும், காய்ந்தால் சுருங்கும். இடுக்குகளைத் திறந்து வைத்து, மழைநீரை வீட்டுச் சுவரை ஒட்டியே அந்த மண்ணுக்குள் இறக்கினால், ஐப்பசியில் சுவரோரம் வீங்கிச் சித்திரையில் சுருங்கும். தளம் மேடு பள்ளமாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் ஈரமாவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது. கரிசல் நிலத்து வீடுகளில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே தளத்தை இரண்டாகப் பிரியுங்கள் என்பது என் கருத்து. சுவரிலிருந்து முதல் 3 அடி அகலத்துக்கு, 20 அடி நீளமும், 4 அங்குலக் கான்கிரீட் போட்டு, அதன்மேல் முழுப் படுகைக் கலவையில் கல்லைப் பதித்து, இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்துவிடுங்கள். அஸ்திவாரத்தை ஒட்டி நீர் இறங்காதபடி வீட்டைச் சுற்றிப் போடும் பிளிந்த் புரொடெக்‌ஷனின் வேலையை இது செய்யும். எஞ்சிய 11 அடியை, முன்னவர் சொன்னபடி, நீர் இறங்கும் தளமாக வைத்துக்கொள்ளலாம். மழைநீர் சேமிப்பு தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலிருந்து எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம் என்பதால் தங்கள் வீட்டில் சேமிப்புக் குழி இருக்கக்கூடும். மொட்டைமாடித் தண்ணீரை அதற்கே கொண்டுபோங்கள். தாரைக்குழாயைத் தளத்தின் மேல் திறந்துவிட்டால், இடுக்கில் எந்தத் தூளைப் போட்டாலும் அந்த இடத்தில் குழி விழும்.

இரண்டு பகுதிகளுக்குமே, கரிசலை ஒன்றரை அடி ஆழம் எடுத்துவிட்டு, வீங்காத சரளை மண்ணை 9 அங்குலம் போட்டு இறுக்கிய பிறகே ஜல்லிக்கோ கான்கிரீட்டுக்கோ போகவேண்டும். சரளை மட்டுமே இரண்டரை யூனிட்டுக்கு மேல் வரும். செலவு கூடும் என்பது தெரிந்தே சொல்கிறேன். கரிசலுக்கும் சரளைக்கும் நடுவில் ஜியோ டெக்ஸ்டைல் துணி ஒன்றை விரித்துவிட்டால், ஈரக் கரிசல் பிதுங்கி மேலே ஏறாது. பிளாஸ்டிக் தாளை விரிக்க வேண்டாம். அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கான்கிரீட் பட்டை சுவரோடு ஒட்டக்கூடாது. நடுவில் அரை அங்குல இடைவெளி விட்டு, நுரைக்கயிறு திணித்து, மேலே பாலியூரித்தேன் சீலண்ட் கொண்டு அடையுங்கள். 20 அடி நீளத்தில் இரண்டு இடங்களில் கான்கிரீட்டுக்கு வெட்டு விடுங்கள். மேலே வரும் கல்லின் இடுக்கு அந்த வெட்டுக்கு நேராக அமைய வேண்டும், அந்த இரண்டு இடுக்குகளில் மட்டும் சிமெண்டுக்குப் பதிலாக அதே சீலண்ட் வரவேண்டும். வெட்டுக்கு மேலே ஒரு முழுக் கல்லைக் குறுக்கே போட்டுவிட்டால், விரிசல் அந்தக் கல்லின் நடுவில்தான் விழும்.

பதில்: தோட்டப்பிரியை

எங்கள் வீட்டிலும் இதே போன்ற தளம் இருக்கிறது; ஆகவே இன்னும் யாரும் சொல்லாத எறும்பைப் பற்றியும் கோரையைப் பற்றியும் சொல்கிறேன். மணல் படுகை என்றால் எறும்புக்குக் கொண்டாட்டம். மழை ஓய்ந்த மறுநாள் காலையில் இடுக்குகளின் மேல் சின்னச் சின்னக் குவியலாக மணல் கிடக்கும். அத்தனையும் கல்லுக்கு அடியிலிருந்து வந்தது. நாளடைவில் அந்தக் கல் தட்டினால் வெற்றொலி கேட்கும், பிறகு ஒரு மூலை இறங்கும். எறும்பால் தூக்க முடியாத அளவுள்ள சிப்ஸைப் படுகைக்கும் இடுக்கின் அடிப்பாகத்துக்கும் போட்டால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. மருந்து தூவுவதைவிட இதுவே நிலையான வழி.

கோரை முளைக்கும் நிலமென்றால், கல் பாவுவதற்கு முன்பே கிழங்கைத் தோண்டி எடுத்துவிடுங்கள். கோரையின் முளை ஊசிபோல் கூர்மையானது. பிளாஸ்டிக் தாளையே குத்திக்கொண்டு வெளியே வரும். ஒன்றரை அடி மண்ணை எடுக்கப்போகிறீர்கள் என்றால் பெரும்பகுதி அதோடு போய்விடும். ஓரங்களில் எஞ்சியதைத்தான் கவனிக்க வேண்டும்.

இடுக்கில் புல் வளர்க்கும் ஆசை பலருக்கும் வருகிறது. படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முக்கால் அங்குல இடுக்கில், நண்பகலில் கால் வைக்க முடியாதபடி சுடும் கரிய கல்லுக்கு நடுவில், கொரியன் புல் தீய்ந்துபோகும். புல் வேண்டுமென்றால் இடுக்கை 2 அங்குலத்துக்குக் குறையாமல் வைத்து, அதில் ஜல்லித் தூளுக்குப் பதில் மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, நாள்தோறும் தண்ணீர் விட வேண்டும். கரிசல் நிலத்தில் அந்தத் தண்ணீரும் அடியில்தான் போய்ச் சேரும் என்பதால், தங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். சூட்டைக் குறைக்க மேற்குப் பக்கத்தில் ஒரு கொடிப்பந்தல் போட்டுவிடுங்கள். வேம்பைத் தளத்துக்கு அருகில் வைக்காதீர்கள்; வேர் கல்லைத் தூக்கிவிடும்.

கேள்வி கேட்டவர்: கரிசல்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டாகப் பிரிக்கும் யோசனையை மேஸ்திரியிடம் சொன்னேன். சரளைச் செலவைக் கேட்டு முதலில் முகம் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார். ஆனால் 11 அடிப் பகுதிக்கு அவர் இன்னொரு வழி சொல்கிறார். சிமெண்டையும் மணலையும் தண்ணீர் சேர்க்காமல் 1-க்கு 6 என்று கலந்து, இடுக்குகளில் கூட்டித் தள்ளி, மேலே தண்ணீர் தெளித்துவிட்டால் அதுவே இறுகிக்கொள்ளுமாம். கல்லின் மேல் படிந்த கறையை ஆசிட் ஊற்றிக் கழுவிவிடலாமாம். வலைத்தளங்களில் பாலிமர் மணல் என்று ஒன்றையும் பார்த்தேன். இவை இரண்டையும் பற்றித் தங்கள் கருத்து என்ன? சிமெண்டால் அடைக்கும் 3 அடிப் பட்டையில் கறை படியாமல் பாயிண்டிங் செய்வது எப்படி என்பதையும் சொன்னால் நல்லது.

பதில்: கல்வேலை

பொறியாளர் கரிசலைச் சுட்டிக்காட்டியது சரியே. அந்தப் பிரிவினையை நானும் ஏற்கிறேன்.

ஆசிட் யோசனையை முதலில் நிறுத்துங்கள். கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. கோட்டா, ஷாபாத், தாண்டூர் கற்களும் அப்படியே. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் பட்டவுடன் நுரைத்துக்கொண்டு கல்லே கரையும். சிமெண்ட் கறையோடு கல்லின் கரிய நிறமும் போய், சாம்பல் பூத்த திட்டுகள் நிலைத்துவிடும். ஒரு துண்டுக் கல்லில் சில சொட்டுகள் விட்டு மேஸ்திரியின் கண்ணெதிரே காட்டிவிட்டால், அதன்பிறகு அவரே அந்தப் பேச்சை எடுக்க மாட்டார். எலுமிச்சைச் சாறும் புளித்தண்ணீரும்கூடக் கல்லில் கறையை உண்டாக்கும். சமையலறைக் கதவருகே என்பதால் சொல்கிறேன்.

உலர்கலவையைத் தள்ளித் தண்ணீர் தெளிக்கும் முறையில், தண்ணீர் மேல் அரை அங்குலத்தைத்தான் நனைக்கும். மேலே ஓடுபோல் ஒரு படலம் இறுகும். அடியில் தூள் தூளாகவே கிடக்கும். கல் சற்று அசைந்ததும் அந்த ஓடு உடைந்து, இடுக்கில் சில்லு சில்லாக நிற்கும். கல்லின் சொரசொரப்பான முகத்தில் ஒட்டிய சிமெண்ட் தூளும் ஈரம் பட்டதும் அங்கேயே பிடித்துக்கொள்ளும். கான்கிரீட்டின் மேலும் இது வேண்டாம், ஜல்லியின் மேலும் வேண்டாம்.

பாலிமர் மணல் என்பது தண்ணீர் பட்டதும் பசைபோல் பிணைந்துகொள்ளும் சேர்மானம் கலந்த மணல். ஜல்லி அடித்தளத்துக்கு ஏற்றது, களையையும் எறும்பையும் ஓரளவு தடுக்கும். ஆனால் அதற்கு நிபந்தனைகள் அதிகம். போடும்போது கல்லும் இடுக்கும் எலும்பாய்க் காய்ந்திருக்க வேண்டும்; இடுக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாத ஆழம் இருக்க வேண்டும்; தண்ணீர் காட்டுவதற்கு முன் கல்லின் மேல் ஒரு துளித் தூளும் இல்லாமல் ஊதித் துடைக்க வேண்டும், இல்லையென்றால் வெண்படலம் போலப் படிந்து, கடப்பா கல்லின் கரிய முகத்தில் பளிச்சென்று தெரியும். தண்ணீரையும் பீய்ச்சி அடிக்காமல், பனித்தூவல் போல் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். மூட்டையில் அச்சிட்டிருக்கும் இடுக்கு அகல வரம்பைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை மாசியில் செய்தால் பலன் கிடைக்கும். ஐப்பசி கார்த்திகையில் தொடாதீர்கள். என்னைக் கேட்டால், அந்த 11 அடிக்குச் சிப்ஸும் கிரஷர் தூளும் போதும். எந்தக் கல்லையும் எப்போது வேண்டுமானாலும் கடப்பாரையால் நெம்பி எடுத்து, சரிசெய்து, திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்ற வசதி வேறெதிலும் இல்லை. கிரஷர் தூளின் வெள்ளைப் பொடி காலோடு ஒட்டி வீட்டுக்குள் வரும் என்பது ஒரு குறை. ஆனால் கதவருகே உள்ள 3 அடி சிமெண்ட் இடுக்கு என்பதால் அதுவும் பாதியாகக் குறையும்.

இனி அந்தப் பட்டையின் பாயிண்டிங். கல்லைப் பதிக்கும்போது நான்கு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டாமல், 1-க்கு 4 கலவையை முழுமையாகப் பரப்பி, கல்லின் அடிப்பக்கத்தில் சிமெண்ட் பால் தடவி உட்கார வைக்கச் சொல்லுங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் அதில் தண்ணீர் நின்று, கல்லின் மேல் உப்புப் பூக்கும். பதித்ததற்கு மறுநாள் பாயிண்டிங் செய்யலாம். சலித்த மணலில் 1-க்கு 3 கலந்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற, ஆனால் உள்ளங்கையை நனைக்காத பதத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பதத்தில் இருக்கும் கலவை கல்லின் மேல் வழியாது என்பதால் கறைக்கு இடமே இல்லை. இடுக்கை முன்கூட்டியே நனைத்து, மிகையான தண்ணீரை ஒற்றி எடுத்துவிட்டு, குறுகலான கரணையால் இரண்டு தவணையாகத் திணித்து, விரல் பட்டால் தடம் விழாத நிலைக்கு வந்ததும் வளைந்த இரும்புக் கம்பியால் அழுத்தித் தேய்க்க வேண்டும். சிந்தியதை ஈரத்துணியால் உடனே பரப்பித் துடைக்காதீர்கள். அப்படித் துடைப்பதுதான் சிமெண்டைக் கல்லின் நுண்துளைக்குள் ஏற்றுகிறது. அரைகுறையாக உலர்ந்த பின் காய்ந்த சணல் சாக்கால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்துவிடும். பிறகு ஈரச் சாக்கைப் போர்த்தி ஒரு வாரம் தண்ணீர் காட்டுங்கள்.

வேலையின் வரிசையையும் மேஸ்திரியிடம் முன்பே பேசிவிடுங்கள். கான்கிரீட் பட்டையும் அதன் பாயிண்டிங்கும் முடிந்து, தண்ணீர் காட்டும் நாட்களும் கழிந்த பிறகே 11 அடிப் பகுதியில் காம்பாக்டர் ஓட வேண்டும். அதுவும் பட்டையின் விளிம்பை ஒட்டிய ஓர் அடியில் இயந்திரத்தைத் தவிர்த்து, கையால் திமிசு போடச் சொல்லுங்கள். பட்டைக்கும் ஜல்லிப் பகுதிக்கும் நடுவே வரும் அந்த ஒரு நீள இடுக்கில் சிமெண்ட் விழுந்துவிடாமல், பாயிண்டிங் நடக்கும்போது ஒரு மரப்பலகையைச் செருகி வைத்து, பின்னால் எடுத்துவிட்டுச் சிப்ஸால் நிரப்புங்கள். அந்தக் கோட்டில் முதல் மழைக்குப் பிறகு கால் அங்குலம் வரை இறக்கம் தெரியலாம். படுகையைக் கூட்டி, வெளிப்பக்க வரிசைக் கற்களை மட்டும் தூக்கி வைத்தால் சரியாகிவிடும்.